சமுதாயக் கூடத்துக்கு இன்சுலேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கூடத்தைச் சீரமைத்த குழுவில் நானும் ஒருவன். வேலை முடிந்ததும் வேறு கூடங்களை நடத்துகிறவர்கள் வந்து பார்த்தார்கள், போனில் பேசினார்கள். ஏறக்குறைய எல்லாரும் கேட்டது ஒரே கேள்விகளைத்தான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு எழுதிய யோசனையை அப்படியே கூடத்துக்குப் பொருத்த முடியாது. வீட்டில் நாலு பேர் நாள் முழுக்க இருப்பார்கள். கூடத்தில் ஒரு நாள் நூறு பேர் மூன்று மணி நேரம் இருப்பார்கள், அடுத்த மூன்று நாள் பூட்டிக் கிடக்கும். கீழே உள்ள பதில்களில் பாதி இந்த வித்தியாசத்திலிருந்து வருபவைதான்.

"இன்சுலேஷன்னா குளிர் ஊர்க்காரங்களுக்குத்தானே? வெயில் அடிக்கிற இடத்துல எதுக்கு?"

வெப்பம் எப்போதும் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குத்தான் போகும். குளிர்காலத்தில் உள்ளேயிருந்து வெளியே ஓடும், கோடையில் வெளியேயிருந்து உள்ளே வரும். இன்சுலேஷன் அந்த ஓட்டத்தை மெதுவாக்குகிறது. திசை எதுவானாலும் அதற்கு ஒன்றுதான். ஒரே தெர்மோகோல் பெட்டி ஐஸைக் கரையாமலும் வைத்திருக்கும், சூடான சாப்பாட்டை ஆறாமலும் வைத்திருக்கும்.

வேலையைச் செய்வது பெரும்பாலும் அந்தப் பொருளுக்குள் அடைபட்டிருக்கும் காற்றுதான். அசையாத காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். அதை அசையவிடாமல் பிடித்து வைக்கத்தான் பஞ்சு, இழை, நுரை எல்லாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பல இடங்களில் உதவும்.

"எங்க சுவரு பழைய காலத்துச் சுவரு, ஒன்றரை அடி கனம். அதுவே போதாதா?"

கனமும் இன்சுலேஷனும் வேறு வேறு. கனமான சுவர் வெப்பத்தைக் குடித்து வைத்துக்கொண்டு பிறகு மெதுவாக விடும். பகலில் வாங்கிய சூட்டை இரவில் கொடுக்கும். அதுவும் நல்ல குணம்தான், ஆனால் அது தடுப்பதில்லை, தள்ளிப்போடுகிறது. மாலையில் மட்டும் கூட்டம் நடக்கும் கூடமென்றால், மேற்குச் சுவர் தள்ளிப்போட்டது சரியாகக் கூட்ட நேரத்தில் வந்து சேரும்.

கணக்கு இப்படி. ஒரு மீட்டர் தடிமனுள்ள பொருளின் இரு பக்கமும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் போகும் என்பது அதன் கடத்துத்திறன். கான்கிரீட்டுக்கு ஏறத்தாழ 1.5, செங்கல்லுக்கு 0.6 முதல் 0.8, மென்மரத்துக்கு 0.13, ராக் வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) அல்லது தெர்மோகோலுக்கு 0.03 முதல் 0.04. அதாவது 5 சென்டிமீட்டர் ராக் வூல் தடுக்கிற அளவுக்குக் கான்கிரீட் தடுக்க வேண்டுமென்றால், சுவர் கிட்டத்தட்ட 2 மீட்டர் தடிமனாக இருக்க வேண்டும்.

"கூரையா, சுவரா? எதை முதல்ல செய்யணும்?"

ஒற்றைத் தளக் கூடமென்றால் சந்தேகமே வேண்டாம், கூரைதான். பரப்பில் பெரும்பாலும் அதுதான் பெரியது. வெயில் நாள் முழுக்க அதன் மேல்தான் விழுகிறது. குளிர்காலத்திலும் சூடான காற்று மேலே போய் அங்கேதான் நிற்கிறது.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கூரை எங்கேயாவது ஒழுகினால் அதைச் சரி செய்யுங்கள். நீர் வெப்பத்தைக் கடத்தும் அளவு, அசையாத காற்றைவிட 20 மடங்குக்கும் மேல். நனைந்த பஞ்சு இன்சுலேஷனே அல்ல. மேலே பஞ்சைப் பரப்பிவிட்டால் ஒழுகுகிற இடமும் கண்ணுக்குத் தெரியாது, பல மாதம் கழித்துக் கறையாக வந்துதான் தெரியும்.

"எத்தனை இஞ்ச் போடணும்னு ஒரே வார்த்தையில சொல்லுங்களேன்."

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது, ஆனால் எதை வைத்து முடிவெடுப்பது என்று சொல்லலாம். 15 சென்டிமீட்டர் கான்கிரீட் தளம் வெறுமனே இருந்தால், ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 4 வாட் போகும். இதைத்தான் யூ மதிப்பு என்பார்கள். குறையக் குறைய நல்லது. 0.04 கடத்துத்திறனுள்ள பொருளை 5 சென்டிமீட்டர் போட்டால் அது சுமார் 0.67 ஆகும். 10 போட்டால் 0.36, 20 போட்டால் 0.19.

முதல் 5 சென்டிமீட்டரே ஆறில் ஐந்து பங்கைத் தடுத்துவிடுகிறது. அடுத்தடுத்து வருபவை தடுப்பது குறைந்துகொண்டே போகும். அப்படியானால் ஐந்தோடு நிறுத்திவிடலாமா என்று உடனே கேட்பார்கள். நான் வேண்டாம் என்பேன். சாரம் கட்டுவது, கூரையைத் திறப்பது, ஆள் கூலி எல்லாம் ஒரு முறைதான். கூடுதல் தடிமனுக்குப் பொருள் செலவு மட்டுமே கூடும். கூரையைத் திறந்துவிட்டால் 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் போடுங்கள், கடுங்குளிர் உள்ள இடமென்றால் 20-க்கு மேல்.

"ராக் வூல், தெர்மோகோல், ஃபோம், பேப்பர் தூள்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எது நல்லது?"

எங்கே போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஃபால்ஸ் சீலிங் மேலே, மரச் சட்டங்களுக்கு நடுவே என்றால் ராக் வூல் அல்லது கிளாஸ் வூல். சந்துகளில் பொருந்தும், எரியாது, ஒலியையும் வாங்கிக்கொள்ளும். நூறு பேர் பேசும் இடத்தில் இது பெரிய விஷயம். தெர்மோகோல் பலகை ஒலியை அப்படி வாங்காது. தரைக்கு அடியிலும் மண்ணைத் தொடும் இடத்திலும் எக்ஸ்பிஎஸ் பலகைதான் சரி, அது தெர்மோகோல் இனத்தையே அழுத்தி வார்த்த கெட்டிப் பலகை. பாரம் தாங்கும், நீரை உறிஞ்சாது. இடமே இல்லாத இடத்தில் பிஐஆர் என்னும் கெட்டி ஃபோம் பலகை. அதன் கடத்துத்திறன் 0.022 முதல் 0.028 வரை என்பதால் மெல்லியதே போதும்.

பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்யும் செல்லுலோஸை போரான் உப்பு கலந்து தருவார்கள். அந்த உப்பு தீயையும் பூச்சியையும் தடுக்கும். எட்டாத மூலையிலும் குழாய் வைத்து ஊதி நிரப்பலாம். நாளடைவில் கொஞ்சம் அமுங்கும் என்பதால் சேர்த்தே நிரப்ப வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பொருள் இதுதான், ஆனால் ஈரம் வரும் இடத்தில் வைக்காதீர்கள்.

"பளபளன்னு வெள்ளித் தாள் ஒண்ணு விக்கிறாங்களே, அதை ஒட்டினா போதாதா? இல்ல, வெள்ளை பெயிண்ட்?"

வெள்ளித் தாள் கதிர்வீச்சாக வரும் வெப்பத்தை மட்டுமே தடுக்கும். அதற்கும் அதன் ஒரு பக்கத்திலாவது காற்று இடைவெளி வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டிப் பதித்துவிட்டால் அது வெறும் உலோகத் தாள், வெப்பம் நேராகத் தாண்டிப் போய்விடும். மேல்நோக்கி வைத்த தாளில் தூசி படிந்தாலும் பலன் குறையும். அதனால் கூரைக்குக் கீழே, பளபளப்பு கீழ்நோக்கி, இடைவெளி விட்டு வைப்பதுதான் நீடிக்கும்.

வெயில் அதிகமுள்ள இடத்தில் கூரைக்கு வெள்ளை பூசுவதை மனமாரச் சிபாரிசு செய்கிறேன். வெப்பம் உள்ளே வரும் முன்பே திருப்பி அனுப்பிவிடும். ஆனால் வெளியே காற்றே சூடாக இருக்கும்போதும் குளிரடிக்கும்போதும் பெயிண்ட் உதவாது. பெயிண்டும் இன்சுலேஷனும் சேர்ந்திருப்பது நல்லது, ஒன்று மற்றொன்றுக்கு மாற்று ஆகாது.

"சுவருக்கு உள்பக்கம் போடணுமா, வெளிப்பக்கம் போடணுமா?"

கூடத்துக்கு இதுதான் மிக முக்கியமான கேள்வி, பலரும் கேட்கத் தவறுகிற கேள்வியும் கூட. வெளிப்பக்கம் போட்டால் கனமான சுவர் முழுவதும் இன்சுலேஷனுக்கு உள்ளே வந்துவிடும். கூடத்தின் வெப்பநிலை அவ்வளவு சீக்கிரம் ஏறாது, இறங்காது. சுவரும் தளமும் சேருமிடங்கள் எல்லாம் ஒரே போர்வைக்குள் வந்துவிடும். மழை, வெயில் எதுவும் பழைய சுவரைத் தொடாது. தினமும் காலை முதல் இரவு வரை நூலகம், வகுப்பு, மருத்துவ முகாம் என்று நடக்கும் கூடத்துக்கு இதுவே சரி.

உள்பக்கம் போட்டால் சுவரின் கனம் வெளியே நின்றுவிடும். ஹீட்டரோ ஏசியோ போட்டதும் உள்ளே இருக்கும் காற்று மட்டும்தான் மாற வேண்டும், பெரிய சுவரைச் சூடாக்கிவிட்டு மனிதருக்கு வர வேண்டியதில்லை. எப்போதாவது சில மணி நேரம் மட்டும் திறக்கும் கூடத்துக்கு இது பொருத்தம். இதற்கு இரண்டு விலை உண்டு. குளிர்காலத்தில் பழைய சுவர் முன்பைவிடக் குளிர்ந்து போவதால் பஞ்சுக்குப் பின்னால் ஈரம் கோக்கும் ஆபத்து. வெயில் காலத்தில் நூறு பேரின் சூட்டை வாங்கிக்கொள்ள உள்ளே கனம் இருக்காது என்பது இன்னொன்று.

ஆகவே பொருளை விசாரிக்கும் முன் ஒரு மாதத்துக்குக் கூடத்தின் நோட்டை எடுத்து, எந்த நாள், எத்தனை மணி நேரம், எத்தனை பேர் என்று எழுதுங்கள். எங்கள் குழுவில் எல்லாரும் "வாரத்துக்கு ரெண்டு நாள்தான் திறக்கிறோம்" என்றே நம்பிக்கொண்டிருந்தோம். எழுதிப் பார்த்தால் ஐந்து நாள் வந்தது. முடிவே மாறிவிட்டது.

"சந்து பொந்தெல்லாம் அடைச்சுட்டா உள்ளே இருக்கிறவங்களுக்கு மூச்சு முட்டாதா?"

நியாயமான பயம். சந்துகளை அடைத்துவிட்டுக் காற்றுக்கு வழி செய்யாவிட்டால் கண்டிப்பாக முட்டும். ஆனால் சந்து வழியாக வரும் காற்று நமக்குத் தேவையான காற்று அல்ல. புயலடிக்கும் நாளில் வேண்டாத அளவு வரும், அசைவற்ற நாளில் கூட்டம் நிரம்பியிருக்கும்போது வரவே வராது. அடைத்துவிட்டு, நாம் விரும்புகிற அளவு, விரும்புகிற இடத்தில் காற்றை விடுவதுதான் முறை.

அளவு என்னவென்றால் ஒருவருக்கு வினாடிக்கு 8 முதல் 10 லிட்டர் புதிய காற்று. நூறு பேருக்கு வினாடிக்கு 800 முதல் 1,000 லிட்டர். கரியமில வாயு அளக்கும் கருவி ஒன்றைச் சுவரில் மாட்டுங்கள். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு இருக்கும். உள்ளே 1,000-ஐத் தாண்டினால் காற்று போதவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அளவைப் பார்த்து ஃபேன் தானாகக் கூடிக் குறையும்படி செய்தால், பூட்டியிருக்கும் நாளில் மின்சாரமும் வீணாகாது.

இன்னொன்று. உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் விடுகிறார். நூறு பேர் என்றால் 10 கிலோவாட், ஐந்து பெரிய ஹீட்டர் எரிவதற்குச் சமம். நல்ல இன்சுலேஷன் உள்ள கூடத்தில் குளிர்காலத்தில் கூட்டமே கூடத்தைச் சூடாக்கிவிடும். வெயில் காலத்தில் அதே சூட்டை வெளியேற்றுவது காற்றோட்டத்தின் வேலை. அதை இன்சுலேஷன் செய்யாது.

"சீலிங் மேல நல்லாத்தான் போட்டோம். இன்னும் சூடு இறங்குதே?"

விட்டுப்போன இடத்தைத் தேடுங்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். சீலிங் முழுக்க 20 சென்டிமீட்டர் போட்டிருந்தோம். வேலை முடிந்த வாரம், மேலே ஏறும் சிறு கதவுக்குக் கீழே நின்றபோது நெற்றியில் சூடு தெரிந்தது. ஏணி போட்டு ஏறி உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பக்கத்துச் சீலிங் கைக்குச் சாதாரணமாக இருந்தது, கதவில் இரண்டு நொடிக்கு மேல் கை வைக்க முடியவில்லை. 6 மில்லிமீட்டர் ப்ளைவுட், அதன் மேல் ஒன்றுமே இல்லை.

கணக்குப் போட்டால் 100 சதுர மீட்டர் சீலிங்கில் யூ மதிப்பு 0.2 என்றால் டிகிரிக்கு 20 வாட். அதில் ஒரே ஒரு சதுர மீட்டர் கதவு யூ மதிப்பு 4-ஆக இருந்தால் மொத்தம் கிட்டத்தட்ட 24 ஆகிவிடுகிறது. நூறில் ஒரு பங்கு இடம், ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் இழப்பு. கதவின் முதுகில் பலகை ஒட்டி, விளிம்பில் ரப்பர் பட்டை வைத்தோம். அரை நாள் வேலைதான்.

பஞ்சை மடித்தோ நசுக்கியோ திணித்திருந்தாலும் இதே கதைதான், முதல் கேள்வியில் சொன்ன அடைபட்ட காற்று வெளியேறிவிட்டது என்று அர்த்தம். சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே நீளும் கான்கிரீட் தளம், இரும்பு உத்திரம் ஆகியவையும் வெப்பத்துக்குப் பாலம் போட்டுக் கொடுக்கும்.

"இன்சுலேஷன் போட்ட அப்புறம்தான் மூலையில கருப்பா பூசணம் வந்துச்சு. அப்போ அதுதானே காரணம்?"

பாதி உண்மை. 20 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 9 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த பரப்பைத் தொட்டால் நீர் கோக்கும். பூசணத்துக்கு அந்த அளவு நனைய வேண்டியதே இல்லை, பரப்புக்குப் பக்கத்தில் ஈரப்பதம் 80 சதவீதமாக நீடித்தாலே போதும். அதற்குப் பரப்பு 12 அல்லது 13 டிகிரிக்கு இறங்கினால் ஆயிற்று. எல்லாச் சுவரும் குளிர்ந்திருந்தபோது ஈரம் பரவலாகப் போயிற்று. இப்போது மற்ற இடமெல்லாம் கதகதப்பாகி, விட்டுப்போன மூலை மட்டும் குளிர்ந்து நிற்கிறது. கூடவே சந்துகளையும் அடைத்து, காற்றோட்டம் வைக்காமல் விட்டிருப்பீர்கள். மூலையை மூடுங்கள், காற்றை விடுங்கள். பிளீச் போட்டுத் துடைப்பது மட்டும் போதாது.

"ஈரத்தைத் தடுக்கிற ஷீட்டை எந்தப் பக்கம் வைக்கணும்? ஒருத்தர் உள்ளேங்கிறார், ஒருத்தர் வெளியேங்கிறார்."

இருவருமே சரியாகச் சொல்லியிருக்கலாம், அவரவர் இடத்துக்கு. நீராவியைத் தடுக்கும் தாள் பெரும்பாலான மாதங்களில் எந்தப் பக்கம் சூடாகவும் ஈரமாகவும் இருக்கிறதோ அந்தப் பக்கம் வர வேண்டும். குளிர் மிகுந்த இடத்தில் அது உள்பக்கம். புழுக்கமான இடத்தில் ஏசி ஓடும் கூடமென்றால் வெளிப்பக்கம். 30 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதமுள்ள வெளிக்காற்று 25 டிகிரிக்கு இறங்கினாலே நீர் விடும். ஏசியை 24-இல் வைத்திருக்கும் அறையின் சுவருக்குள் அது புகுந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

இரண்டு பருவமும் உள்ள இடத்தில் இரு பக்கமும் பிளாஸ்டிக் போடுவதுதான் மிக மோசமான முடிவு. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியே இருக்காது. அங்கே ஈரத்துக்கு ஏற்ப இறுகவும் நெகிழவும் செய்யும் தாள்கள் உண்டு, அவற்றைக் கேளுங்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் உங்கள் பகுதியின் பருவநிலை தெரிந்த பொறியாளரிடம் காட்டாமல் செய்யாதீர்கள்.

"தீப்பிடிக்குமா?"

பொருளைப் பொறுத்தது. ராக் வூல் எரியாது. தெர்மோகோல் 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளக ஆரம்பிக்கும், எரியவும் செய்யும். பிஐஆர் அதைவிடத் தாங்கும் என்றாலும் எரியக்கூடியதே. 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பு எரிந்து 72 பேர் இறந்தார்கள். பாலிஎத்திலீன் என்னும் எரியக்கூடிய பிளாஸ்டிக்கை உள்வைத்த அலுமினியத் தகடுகளை வெளிச்சுவரில் பொருத்தியிருந்தார்கள், அவற்றின் பின்னால் எரியக்கூடிய ஃபோம் பலகைகள். கூட்டம் கூடும் இடத்தில் ஃபோமைத் திறந்தபடி விடவே கூடாது. தீ தாங்கும் பலகையாலோ பூச்சாலோ மூட வேண்டும். வழிகளிலும் மேடைக்குப் பின்னாலும் எரியாத பொருள்தான் வேண்டும் என்று எங்கள் குழுவில் பிடிவாதமாக நின்றேன். கொஞ்சம் தடிமன் கூடினாலும் பரவாயில்லை.

மின்கம்பியையும் பாருங்கள். பஞ்சுக்குள் புதைந்த கம்பியின் சூடு வெளியேறாது. தெர்மோகோல் பிவிசி உறையைத் தொட்டுக்கொண்டிருந்தால் நாளடைவில் உறை விறைத்துப் போகும். மூடும் முன் எலக்ட்ரீஷியன் ஒரு முறை பார்க்கட்டும்.

"நாங்களே ஆள் சேர்த்துச் செய்யலாமா?"

சீலிங் மேலே பஞ்சு விரிப்பது, சந்து அடைப்பது, கதவுக்குப் பட்டை ஒட்டுவது எல்லாம் தாராளமாகச் செய்யலாம். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, நல்ல முகக்கவசம் வேண்டும். பழைய கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்கவோ துளைக்கவோ வேண்டாம், அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வர வேண்டும். பழைய சீலிங்கில் வெர்மிகுலைட் என்னும் மின்னும் துகள்கள் கொட்டியிருந்தால் அதிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும், சோதிக்காமல் கிளறாதீர்கள்.

"ஏசியோ ஹீட்டரோ முதல்ல வாங்கிடலாம்னு இருக்கோம். அப்புறமா இன்சுலேஷன்?"

மாற்றிச் செய்யுங்கள். இப்போதைய கூடத்துக்குக் கணக்குப் போட்டு வாங்கினால், பிறகு அது தேவைக்கு மேல் பெரிதாக நிற்கும். பெரிய ஏசி அறையைச் சீக்கிரம் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் இருக்காது. குளிர்ந்தும் பிசுபிசுப்பு போகாது.

"வேலை ஒழுங்கா நடந்துச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

வாசலில் ஒரு பெரிய ஃபேனைப் பொருத்தி, உள்ளேயும் வெளியேயும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் உண்டாக்கி, எவ்வளவு காற்று கசிகிறது என்று அளக்கலாம். 1988-இல் வொல்ஃப்காங் ஃபைஸ்டும் பூ ஆடம்சனும் வகுக்கத் தொடங்கிய, மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் கட்டடங்களுக்கான பாசிவ்ஹவுஸ் முறையில், அந்த அழுத்தத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கட்டடத்தின் காற்றுக் கொள்ளளவில் 0.6 பங்குக்கு மேல் கசியக் கூடாது. பழைய கூடம் அந்த அளவை எட்டுவது கடினம். எட்ட வேண்டும் என்றும் இல்லை. வேலைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை அளந்தால் உங்கள் கூடம் எவ்வளவு மாறியது என்று தெரியும். ஃபேன் ஓடும்போது ஊதுபத்தியை ஸ்விட்ச் பெட்டி, ஜன்னல் சட்டம், சீலிங் ஓரம் என்று கொண்டுபோனால் புகை வளைந்து ஓட்டையைக் காட்டும். சுவரை மூடும் முன்பே இதைச் செய்தால்தான் திருத்த முடியும்.

"எல்லாத்தையும் ஒரே தடவை செய்ய முடியாது. இந்த வருஷம் கூரை, அப்புறம் சுவர்னு செஞ்சா தப்பா?"

தப்பில்லை, பெரும்பாலான கூடங்கள் அப்படித்தான் செய்ய முடியும். ஆனால் கடைசி வரைக்குமான வரைபடத்தை முதல் நாளே போட்டுவிடுங்கள். கட்டடத்தைக் குறுக்கே வெட்டியது போன்ற படத்தை எடுத்து, இன்சுலேஷன் வரப்போகும் இடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு இழுங்கள். தரை, சுவர், கூரை, மறுபக்கச் சுவர் என்று பென்சிலை எடுக்காமல் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். எங்கே கை எடுக்க வேண்டி வருகிறதோ அங்கேதான் பின்னால் பூசணம் வரும்.

கூரை வேலையின்போதே அடுத்த கட்டத்துக்கு இடம் விட்டு வையுங்கள். பின்னால் சுவருக்கு வெளியே 10 சென்டிமீட்டர் போடப்போகிறீர்கள் என்றால், இப்போதே கூரை விளிம்பை அதைவிட அதிகமாக நீட்டி, கூரை இன்சுலேஷனைச் சுவரின் வெளிப்பக்கம் வரை கொண்டுவந்து விடுங்கள். மழைநீர்க் குழாயையும் அந்த அளவுக்குத் தள்ளி மாட்டச் சொல்லுங்கள். ஜன்னல் மாற்றுவதாக இருந்தால் சட்டத்தைச் சுவரின் வெளி விளிம்பை ஒட்டி வையுங்கள், பின்னால் வரும் பலகை அதன் மேல் இரண்டு விரல் ஏறி நிற்கும்.